அத்தியாயம் 6: பெயர் அழிந்த தட்டுகள்

இங்கிலாந்தின் வடக்கில், ஆலைத் தொழிலாளர் வாழும் நகரங்களில், 1970களில் ஒரு பித்து இருந்தது. அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்கள் 1960களில் பாடி, விற்காமல் போய், கழிவு விலைக்குத் தள்ளப்பட்ட சோல் இசைத்தட்டுகளைத் தேடிப் பிடித்து வந்து விடிய விடிய அவற்றுக்கு ஆடுவார்கள். நோர்தேர்ன் சோல் என்று அதற்குப் பெயர் வந்தது. வீகன் நகரத்துக் கசினோ மண்டபம் 1973 முதல் 1981 வரை அந்தக் கூட்டத்துக்குக் கோயில் மாதிரி. தட்டுப் போடுகிறவர்களுக்கிடையே போட்டி கடுமையானது. தன் கையில் இருப்பது யாருடைய பாட்டு என்று அடுத்தவன் அறியக்கூடாது என்பதற்காக, நடு லேபிளில் வெள்ளைத் தாளை ஒட்டி மறைத்து, பொய்ப்பெயர் ஒன்றையும் சொல்லி வைப்பார்கள். மோட்டவுன் குழுமத்துக்காக ஃபிராங்க் வில்சன் 1965இல் பாடிய ஒரு சிறு தட்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய பிரதிகளே மிஞ்சின. அதில் ஒன்று 2009இல் இருபத்தையாயிரம் பவுணுக்கு மேல் விலைபோனது.

அந்தக் கதைகளை வாசித்துவிட்டு இலங்கையின் வன்னியில் தட்டுத் தேட இறங்குகிறவர்கள் இப்போது கூடி வருகிறார்கள். அவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: வீகனில் பெயரை ஆட்கள் மறைத்தார்கள், இங்கே பெயர் தானாகவே அழிந்துவிட்டது. வானொலியிலிருந்து கசெற்றுக்கு, கசெற்றிலிருந்து இன்னொரு கசெற்றுக்கு என்று பாட்டுகள் இறங்கி இறங்கி, பாடியவர் யார், இசை யார், எந்த ஆண்டு என்பதெல்லாம் உதிர்ந்துபோயின. தட்டுகளோ ஒவ்வொரு இடப்பெயர்விலும் வீட்டோடு போயின. ஆகவே வவுனியாப் பக்கத்துப் பூவரசங்குளத்தில் சேகரிப்பவருடைய வேலை, அழிந்த பெயரைத் தேடியெடுக்கிற வேலை. விலைமதிப்பு அதற்குப் பிறகு.

எதைத் தேடுவது

இலங்கைத் தமிழ்ப் பொப் பாடல்களிலிருந்து தொடங்குங்கள். நித்தி கனகரத்தினம் 1960களில் அம்பாறை ஹாடி தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த காலத்தில் கிற்றாரோடு பாடத் தொடங்கியவை, ஏ. ஈ. மனோகரனின் பைலாத் தாளப் பாட்டுகள், திருகோணமலைச் சகோதரர்கள் பரமேஷ், கோணேஷ் வெளியிட்டவை, அமுதன் அண்ணாமலை, எஸ். இராமச்சந்திரன் பாடியவை. இவற்றில் தட்டாக வந்தது கொஞ்சம். வந்தவையும் ஏழு அங்குலச் சிறு தட்டுகள்தான் அதிகம். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த ஆட்சியில் உள்ளூர்ப் பாட்டுக்கு ஒரு சந்தை கிடைத்தது. 1977க்குப் பிறகு கடை திறந்தது போல எல்லாம் வந்து குவிந்தன, கசெற் றெக்கோடரும் சேர்த்து. உங்கள் கைக்கு வருவது தட்டா கசெற்றா என்பதை வைத்தே ஓரளவு காலத்தைக் கணிக்கலாம்.

ஒரு பொறி இருக்கிறது. யாராவது "எங்கட வீட்டிலை சுராங்கனி றெக்கோட் கிடந்தது" என்றால் உடனே துள்ள வேண்டாம். அந்தப் பாட்டு 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' என்ற தமிழ்நாட்டுப் படத்தில் இளையராஜா இசையில் மலேசியா வாசுதேவன் குரலில் வந்தது. அந்தத் தட்டு பரவலாகக் கிடைத்த ஒன்று. நாங்கள் தேடுவது மனோகரன் பாடியதை. லேபிளைப் பார்க்க முடியாவிட்டால், "அதோடை வேறை என்ன பாட்டு இருந்தது?" என்று கேளுங்கள். மறுபக்கத்துப் பாட்டுத்தான் எப்போதும் சாட்சி சொல்லும்.

இன்னொரு குழப்பம் மெல்லிசைப் பாடல்கள். முத்தழகு, கலாவதி சின்னசாமி, எம். ஏ. குலசீலநாதன், எஸ். கே. பரராஜசிங்கம் ஆகியோர் இலங்கை வானொலிக்காகப் பாடியவற்றில் பெரும்பாலானவை நிலையத்து ஒலிநாடாவில் இருந்தவை. ஊர் முழுவதும் அவற்றைக் கேட்டிருக்கும். தட்டை ஒருவரும் கண்டிருக்க மாட்டார்கள். "தட்டு இருந்தது" என்று உறுதியாகச் சொல்கிறவர்களும் பொய் சொல்லவில்லை. பாட்டை அவ்வளவு தரம் கேட்டிருக்கிறார்கள். இப்படிப்பட்டவற்றுக்கு, றேடியோவுக்கு முன்னால் றெக்கோடரை வைத்துப் பிடித்த வீட்டுக் கசெற்தான் கிடைக்கக்கூடியது. பின்னணியில் சேவல் கூவினால் கோபிக்காதீர்கள். அறிவிப்பாளரின் குரல் அகப்பட்டிருந்தால் அதை வெட்டவே வெட்டாதீர்கள். பாடியவரின் பெயர் அந்த வாயில்தான் இருக்கிறது.

பொப் பாட்டுக்கு வெளியே ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. தவில் மேதை தெட்சணாமூர்த்தி (1933–1975) கோயில் திருவிழாக்களில் வாசித்ததை ரசிகர்கள் ஸ்பூல் நாடாவில் பிடித்து வைத்தார்கள். மேளக்கச்சேரி கேட்க ஊர் ஊராக இராமுழுதும் போன கூட்டம் யாழ்ப்பாணத்தில் இருந்தது, வன்னியிலும் இருந்தது. வீகனுக்கு உண்மையான ஒப்பு வேண்டுமென்றால் நான் அந்தக் கூட்டத்தைத்தான் காட்டுவேன். அப்படி ஒரு நாடா அகப்பட்டால் மற்ற எல்லாவற்றையும் வைத்துவிட்டு அதை முதலில் காப்பாற்றுங்கள்.

சிங்கள லேபிள் உள்ள தட்டை ஒதுக்குகிறவர்கள் உண்டு. ஒதுக்காதீர்கள். தமிழ்ப் படமான 'குத்துவிளக்கு' (1972) படத்துக்கு இசையமைத்த ஆர். முத்துசாமிதான் சிங்களப் படங்களுக்கும் ஏராளமாக இசையமைத்தவர். சிங்களத்தில் கொடிகட்டிப் பறந்த பாடகர் மொஹிதீன் பேக் சேலத்தில் பிறந்தவர். வாசிக்கத் தெரியாத லேபிளைப் படம் எடுத்து, தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

எந்த வீட்டுக்குப் போவது

வவுனியாவிலிருந்து மன்னார் வீதியில் வருகிறபோது பூவரசங்குளத்தைச் சுற்றி இருக்கிற ஊர்கள் ஒரே மாதிரியானவை அல்ல. குளத்தை நம்பி வயல் செய்த பழைய குடும்பங்கள் ஒரு பக்கம். 1977, 1983 கலவரங்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வவுனியா மாவட்டத்துக்கு வந்து காடு வெட்டிக் குடியிருந்தவர்கள் இன்னொரு பக்கம். சாளம்பைக்குளம் போன்ற முஸ்லிம் கிராமங்கள் 1990இல் வெளியேற்றப்பட்டு, போர் முடிந்தபிறகே திரும்பின. மன்னார்ப் பக்கம் போகப் போகக் கத்தோலிக்க ஊர்கள், மடு மாதா கோயிலுக்குப் போகும் பாதை. 2009இல் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமிலிருந்து வெளியேறி இந்தப் பக்கமே தங்கிவிட்ட குடும்பங்களும் உண்டு.

வீட்டுக்கு வீடு பாட்டு வேறு. மலையகத்திலிருந்து வந்தவர்களிடம் பழைய இந்தியப் படப்பாட்டுத் தட்டுகள் பற்றிய நினைவு கூடுதலாக இருக்கும். முஸ்லிம் வீடுகளில் நாகூர் ஈ. எம். ஹனிபாவின் பாட்டுகளை விசாரியுங்கள். கத்தோலிக்க வீடுகளில் பைலாவும் மாதா பாடல்களும். எல்லாரிடமும் ஒரே கேள்விப் பட்டியலோடு போகிறவர் வெறுங்கையோடு திரும்புவார்.

ஆனால் வீடுகளுக்கு முன்னால் போக வேண்டிய இடம் ஒன்று உண்டு: லவுட்ஸ்பீக்கர்காரர். மின்சாரம் வராத காலத்தில் கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் பொங்கல் எல்லாவற்றுக்கும் பற்றரியும் பிளேயரும் தட்டுப் பெட்டியும் வண்டியில் ஏற்றி வந்து, மரத்தில் குழாயைக் கட்டி, நாலு ஊருக்குக் கேட்கப் பாட்டுப் போட்டவர் அவர். எந்த வீட்டில் எந்தப் பாட்டுக்குச் சண்டை வந்தது, எந்த அம்மன் கோயிலில் சினிமாப் பாட்டுக் கூடாது என்று நிறுத்தினார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தொழிலை விட்டிருப்பார், ஆளும் இல்லாமல் இருக்கலாம். மகனைக் கேளுங்கள், உதவிக்குப் போன பையனைக் கேளுங்கள். அந்தப் பையனுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கும்.

அடுத்தது பழைய இரும்பு வாங்குகிறவர்கள். கிராமபோன் பெட்டியின் இரும்புப் பகுதி, பிளேயரின் மோட்டார், செப்புக்கம்பிச் சுருள் எல்லாம் அவர்களிடம் எடைக்குப் போகும். தட்டை அவர்கள் வாங்குவதில்லை, ஆனால் எங்கே கண்டோம் என்பது நினைவிருக்கும். உங்கள் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்து வையுங்கள். சொல்லிவிட்டதற்குக் கைக்காசு கொடுங்கள், தட்டு நல்லதோ இல்லையோ.

கேட்கும் முறை

"உங்களிட்டைப் பழைய றெக்கோட் இருக்கோ?" என்று கேட்டால் "இல்லைத் தம்பி" என்ற பதில்தான் வரும். இடம்பெயர்ந்து ஓடியபோது காணி உறுதி, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கொஞ்ச நகை, முடிந்தால் கலியாண அல்பம். தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் மிகச் சிலர். இருக்கிறதா என்று கேட்பது ஒருவகையில் இழந்ததைக் குத்திக் காட்டுவதுமாகும். கேள்வியை மாற்றுங்கள்: "அம்மா, உங்கட கலியாணத்துக்கு என்ன பாட்டுப் போட்டவை?" ஆட்கள் பாட்டைப் பாடகரின் பெயரால் நினைவு வைப்பதில்லை. யாருடைய கலியாணம், எந்த வருசத்து வெள்ளம், எந்தத் திருவிழா என்றுதான் வைத்திருக்கிறார்கள். அந்த வழியால் போனால் பெயரும் வரும், சிலவேளை கொல்லைப்புறத்துக் கொட்டிலின் பரணிலிருந்து தட்டும் வரும்.

"உந்தப் பழசுகளைக் கொண்டுபோய் என்ன பிள்ளை செய்யப் போறாய்?" என்ற கேள்வி கட்டாயம் வரும். நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். விற்கப் போவதானால் விற்கப் போவதாகச் சொல்லுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் பிரான்சிலுள்ள ஓர் இசைத்தட்டு நிறுவனம் இலங்கையின் பழைய சிங்கள, தமிழ்ப் பொப் பாடல்களைத் தொகுத்து வெளியிட்டது. வெளிநாட்டில் இவற்றுக்கு வாங்குவோர் உண்டு. அதை மறைத்துவிட்டு, சாப்பாட்டுக் காசுக்கு ஒருவரிடம் தட்டை வாங்குவது களவுக்குக் கிட்ட. என் பரிந்துரை வேறு: தட்டை வாங்கவே வேண்டாம். ஒலியைப் பிரதி எடுத்துக்கொண்டு, துடைத்துச் சுத்தமாக்கி, புதிய உறை போட்டுத் திருப்பிக் கொடுங்கள். அந்த வீட்டில் அந்தக் காலத்திலிருந்து மிஞ்சிய ஒரே பொருள் அதுவாக இருக்கலாம்.

இல்லாதவற்றையும் எழுதுங்கள். ஒரு குறிப்பேட்டில் ஊர், வீட்டாருடைய உறவுமுறை (பெயர் சொல்ல விருப்பமானால் பெயர்), வைத்திருந்த தட்டுகள், எங்கே வாங்கினார்கள், எந்த ஆண்டு எந்த இடத்தில் விட்டுவிட்டு வந்தார்கள் என்று பத்தி பிரித்து வையுங்கள். நோர்தேர்ன் சோல்காரர்களிடம் இப்படி ஒரு பட்டியல் இருக்காது, தேவையும் இல்லை. எங்களுக்கு, ஒரே தட்டைப் பல வீடுகள் இழந்ததாகச் சொல்கிறபோது, அது வன்னிக்குள் எவ்வளவு பரவியிருந்தது என்று தெரியவருகிறது. விற்பனைக் கணக்கு எவரிடமும் இல்லாத ஒரு இசைக்கு வேறு எப்படி அதை அறிவது?

தட்டைக் கையாளுதல்

கனமாக, வளையாமல், ஓரத்தில் தட்டினால் கணீரென்று இருப்பது அரக்குத் தட்டு. நிமிடத்துக்கு 78 சுற்று, பக்கத்துக்கு மூன்று நிமிடமளவு. 78 என்றவுடன் பாகவதர் காலம் என்று முடிவுகட்ட வேண்டாம், இந்தியாவில் அரக்குத் தட்டு 1960களிலும் வந்துகொண்டிருந்தது. இலேசாக வளைவது வினைல், 45 அல்லது 33⅓ சுற்று. இரண்டுக்கும் ஒரே ஊசி ஆகாது. அரக்குத் தட்டின் வரி அகலம், அதற்கான ஊசிமுனை மூன்று மில். வினைலுக்கு ஒரு மில் அல்லது அதற்கும் குறைவு. கிராமபோன் பெட்டியின் உருக்கு ஊசியில் வினைல் தட்டை ஒருதரம் ஓடவிட்டால் போதும், அதன் கதை முடிந்தது.

லேபிள் கறையான் தின்று போயிருந்தாலும் சோர்ந்துபோகாதீர்கள். பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் இருக்கிற வெற்று வளையத்தில் எண்ணும் எழுத்தும் கீறியிருக்கும். டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்துச் சரித்துப் பாருங்கள். அந்த எண்ணை வைத்து நிறுவனப் பட்டியல்களில் தேடலாம். தாள் அழிந்தாலும் தட்டு தன் பெயரைச் சொல்லிவிடும் இடம் இது ஒன்றுதான்.

கழுவும் விடயத்தில் இரண்டு எச்சரிக்கை. அரக்குத் தட்டில் ஸ்பிரிட் படக்கூடாது, அரக்கு கரையும். கிணற்றுத் தண்ணீரும் வேண்டாம். வவுனியாப் பக்கத்துத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட. கேத்திலின் அடியில் படிகிறதே, அதேதான் வரிக்குள்ளும் படியும். எரிபொருள் நிலையத்தில் பற்றரிக்கு விடுகிற வடித்த தண்ணீர்ப் போத்தல் வாங்குங்கள். அசிட் போத்தல் அல்ல என்று இரண்டுதரம் பாருங்கள். ஒரு சொட்டுச் சவர்க்காரம் விட்டு, மென்மையான துணியால் வரியின் போக்கிலேயே துடைத்து, லேபிளில் ஈரம் படாமல் நிழலில் காயவிடுங்கள். வைக்கும்போது நிமிர்த்தி வையுங்கள். அடுக்கிப் படுக்கவைத்தால் வைகாசி வெயிலில் தகரக் கூரையின் கீழ் வினைல் நெளிந்துவிடும். மாரி தொடங்கமுன் பொலித்தீன் உறைகளைக் கழற்றிக் கடதாசி உறை போடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சணம்.

கசெற்: வன்னியின் உண்மையான சேகரம்

1990இலிருந்து 2002 வரை வன்னிக்குள் பொருளாதாரத் தடை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் றேடியோவும் கசெற்றும் கேட்ட தலைமுறை அது. புதுக் கசெற் கிடைக்காதபடியால் இருந்ததிலேயே திரும்பத் திரும்பப் பதிந்தார்கள். சேகரிப்பவர் இதனால் கவனிக்க வேண்டியவை இரண்டு.

முதலாவது வால். ஒரு பக்கத்தில் புதிதாகப் பதிந்தது முடிந்தபிறகு நாடா தொடர்ந்து ஓடும். அங்கே முன்பு பதிந்திருந்ததன் மிச்சம் இருக்கும். பாட்டு முடிந்ததும் நிறுத்திவிடாமல் இறுதிவரை கேளுங்கள். செய்தி வாசிப்பின் துண்டு, பிள்ளை பாடம் சொல்வது, அதற்கு முந்திய பத்தாண்டின் பொப் பாட்டின் கடைசிச் சரணம், எதுவும் அகப்படும். உறையில் எழுதியிருக்கிற பெயருக்கும் உள்ளே இருப்பதற்கும் சம்பந்தமே இருக்காது. எழுதியிருப்பதை அப்படியே படம் எடுங்கள், திருத்தி எழுதாதீர்கள். யாருடைய கையெழுத்து என்று விசாரியுங்கள், அதிலிருந்து பிரதி எந்த ஊரிலிருந்து வந்தது என்பது பிடிபடும்.

இரண்டாவது வேகம். மின்வலு இறங்கிய நேரத்தில் பதிந்த கசெற், இன்று சரியான மின்சாரத்தில் போட்டால் வேகமாகவும் கீச்சென்றும் ஒலிக்கும். காதால் ஊகித்துத் திருத்தினால் பாடகரின் குரலையே மாற்றிவிடுவீர்கள். அதே கசெற்றில் பக்கத்தில் ஒரு பிரபல படப்பாட்டு இருந்தால், அதன் மூலத் தட்டின் சுருதியோடு ஒப்பிட்டு எத்தனை வீதம் பிசகு என்று கணக்கிட்டு, அதே அளவை மற்றப் பாட்டுக்கும் போடுங்கள். வானொலியின் நேரச் சமிக்ஞை பதிந்திருந்தால் இன்னும் நல்லது, அதன் 'பீப்' ஒலிகள் ஒரு செக்கன் இடைவெளியில் வருபவை.

கைக்கு வந்தவுடன் செய்ய வேண்டியது, கசெற்றின் மேல்விளிம்பில் இரண்டு மூலையிலும் உள்ள சிறு பிளாஸ்டிக் தகட்டை உடைத்துவிடுவது. அதற்குப் பிறகு தவறிக்கூட யாரும் மேலே பதிய முடியாது. வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் ஓடவிடாதீர்கள். மெசினின் ஹெட் வழியாக அடுத்த கசெற்றுக்கும் பரவும். நாடாவின் பின்னாலிருக்கும் கம்பளித் துண்டு விழுந்திருந்தால், ஸ்குறூ பூட்டிய வேறு கசெற்றைக் கழற்றி அதன் கூட்டுக்குள் நாடாவை மாற்றுங்கள். ஒவ்வொரு கசெற்றுக்கும் பிறகு ஹெட்டை ஸ்பிரிட்டால் துடையுங்கள். கணினியில் எடுக்கிறபோது இலவசமாகக் கிடைக்கும் ஓடாசிட்டி போதும். 96 கிலோஹேர்ட்ஸ், 24 பிற், வேவ் கோப்பு. இரைச்சல் நீக்கும் வித்தையெல்லாம் இரண்டாவது பிரதியில் செய்யுங்கள்.

கசெற்றுகளுக்குள் பாட்டு அல்லாதவையும் இருக்கும். கடிதம் எழுதத் தெரியாத அல்லது எழுத மனம் வராத தாய்மார் ஜேர்மனிக்கும் கனடாவுக்கும் பேசி அனுப்பிய கசெற்றுகள். அனுப்ப முடியாமல் போனவையும் உண்டு. கேட்டவுடன் நிறுத்துங்கள், வீட்டாரிடம் சொல்லுங்கள், அவர்கள் விரும்பினால் மட்டும் அவர்களுக்கு ஒரு பிரதி போட்டுக் கொடுங்கள். உங்கள் சேகரத்தில் அது சேராது.

போர்க்காலத்து இயக்கப் பாடல் கசெற்றுகள் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவை அந்தக் காலத்து வன்னியின் இசை வரலாற்றில் பெரிய பகுதி, எஸ். ஜி. சாந்தன் போன்ற பாடகர்களை ஊர் அறிந்தது அவற்றால். ஆனால் விடுதலைப் புலிகள் இயக்கம் இலங்கையில் இன்றும் தடைசெய்யப்பட்டது, பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இலிருந்து இருக்கிறது, இப்படிப்பட்டவற்றைப் பகிர்ந்ததற்காக ஆட்கள் கைதாகியிருக்கிறார்கள். வீட்டுக்காரர் காட்டினால் சட்டத்தரணி ஒருவரைக் கேட்காமல் கையில் எடுக்காதீர்கள், முகநூலில் போடாதீர்கள், வீட்டின் பெயரைக் குறிப்பேட்டில் எழுதாதீர்கள். உங்கள் ஆர்வத்துக்கு அந்த வீட்டார் விலை கொடுக்கக்கூடாது.

எங்கே ஒப்படைப்பது

தனியொருவரின் வன்தட்டில் வைத்திருப்பதை நான் சேகரம் என்று ஒத்துக்கொள்வதில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் நூல்களோடு ஒலி, ஒளி ஆவணங்களையும் ஆவணகம் என்ற தளத்தில் சேர்க்கிறது. தமிழ்நாட்டுத் தட்டுகளைப் பற்றி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் இசைத்தட்டுச் சேகரம் உண்டு. கொடுக்கும்போது ஒலிக் கோப்பு, லேபிளின் இருபக்கப் படம், வெற்று வளையத்து எண், வீட்டார் சொன்னது இவை நான்கும் ஒரே பெயரில் ஒரு கோப்புறைக்குள் இருக்கட்டும். பாடியவரும் இசையமைத்தவரும் உயிரோடிருந்தால், அல்லது பிள்ளைகள் இருந்தால், பகிரங்கமாகப் போடுமுன் அனுமதி கேளுங்கள். அவர்களில் பலர் அவுஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறார்கள். தங்கள் பாட்டுச் செட்டிகுளத்துப் பக்கத்தில் ஒரு கசெற்றில் இருந்தது என்று அறிந்தால் மறுப்பவர்கள் குறைவு, "யார் வீட்டிலை?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். அதற்குச் சொல்லப் பதில் உங்கள் குறிப்பேட்டில் இருக்கட்டும்.